விரைவு வண்டிக்கு எண்ணெய் வடிகட்டி

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியில் இலக்கிய ஆராய்ச்சியும், யாத்திரை வரலாறும், பெரியோர் சரிதமும் இடம்பெறுதல் வழக்கம். அவற்றினிடையே மோட்டார் எஞ்சினின் எண்ணெய் வடிகட்டியைப் பற்றி யாம் எழுதப் புகுந்தமை கண்டு நேயர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். சென்ற சம்பா அறுவடையின்போது ஏறத்தாழ ஒரு திங்கள் எம் சிந்தையை இப்பொருளே ஆட்கொண்டிருந்தது. ஒரு படி அரிசியும் கொள்ளாத தகரக் குப்பி ஒன்றைத் தெரிந்தெடுக்க இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்று எம் இல்லத்தாரே வினவினர். வேண்டியிருந்தது. அதன் காரணத்தை முதலிற் கூறுவோம்.

எம் தமக்கையாரின் மகன் நம் கல்லூரியிற் பௌதிகம் பயின்று பட்டம் பெற்றவன். இப்பொழுது ஓசூரில் ஓர் ஆலையிற் பணிபுரிகின்றான். சிறுவயது தொட்டே விரைந்து செல்லும் வண்டிகளில் அவனுக்குப் பெருவேட்கை. வேலையில் அமர்ந்த மூன்றாம் ஆண்டில், ஜெர்மானியர் வகுத்த சிறு வண்டி ஒன்றைப் பிறர் கையிலிருந்து விலைக்கு வாங்கினான். உருவிற் சிறிதெனினும் டர்போ பொருத்திய எஞ்சின் உடையது. காலைச் சற்றே அழுத்தினால் அம்பெனப் பாய்வது. திங்கட்கொருமுறை திருவையாற்றை அடுத்த எம் ஊருக்கு அதிலேயே வருவான். ஆண்டில் இரண்டு மூன்று முறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயச் சுற்றுக்கு அதனைக் கொண்டுசென்று, பயிற்சிக்கென விடப்படும் நாள்களில் ஓட்டுவான்.

ஈராண்டுக்கு முன் வேற்றூர்ப் பட்டறை ஒன்றில் அவ்வண்டிக்கு எண்ணெயும் வடிகட்டியும் மாற்றினார்கள். ஒன்பதாம் நாள், நெடுஞ்சாலையில் விரைவாகச் சென்றுகொண்டிருக்கையில், வடிகட்டி மரை நழுவிக் கழன்று வீழ்ந்தது. எஞ்சினில் இருந்த எண்ணெய் முழுதும் சில நொடிகளிற் சாலையிற் கொட்டிற்று. செந்நிற விளக்கைக் கண்டு அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துமுன் எஞ்சின் இறுகிவிட்டது. பின்னே வந்த பேருந்தின் ஓட்டுநர் வல்லவராயிருந்தமையின், எண்ணெயில் வழுக்கி அது மோதாமல் தப்பிற்று. மாற்று எஞ்சினுக்குப் பணம் தேட, எம் அத்தான் ஒரு மா நன்செய்யை விற்றார். அந்த ஒரு மா, எம் தமக்கையார் மணம் முடித்து அவ்வீட்டுக்கு வந்த ஆண்டில் வாங்கியது.

சென்ற மார்கழியில் அவன் மீண்டும் எண்ணெய் மாற்றும் காலம் வந்தபொழுது, எம் தமக்கையார் எம்மிடம் வந்து, “தம்பி, அவன் என் பேச்சைக் கேட்கமாட்டான், உன் பேச்சைக் கேட்பான். விற்பதற்கு இன்னொரு மா கிடையாது. பார்த்துச் செய்,” என்று மட்டும் கூறிச் சென்றார். எம் பணி அவ்வளவில் வரையறுக்கப்பட்டது.

வடிகட்டியைத் தெரியுமுன், அது எதனைக் காக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். எஞ்சினிற் சுழலும் கிராங்கு என்னும் தண்டும், அதனைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை, தொட்டால் அழியும். இரண்டுக்குமிடையே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாய் நின்று தண்டினைத் தூக்கிப் பிடிக்கின்றது. முழுச் சுமையில் அப்படலத்தின் கனம் சில மைக்ரான்களே. மைக்ரானாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்ட ஒரு கூறு. நம் தலைமயிர் ஏறத்தாழ எழுபது மைக்ரான் பருமனுடையது. வெறுங்கண்ணாற் காணத்தகும் துகள் நாற்பது மைக்ரான் இருத்தல்வேண்டும். ஆதலின், கண்ணுக்குத் தெரியும் அழுக்கைவிடத் தெரியாத அழுக்கே, அதாவது ஐந்து முதல் இருபது மைக்ரான் அளவுள்ள துகளே, படலத்தினிடையே புகுந்து பேரிங்கைத் தேய்க்கின்றது. எண்ணெய் கறுத்திருக்கின்றதே என்று அஞ்சுவோரும், தெளிவாயிருக்கின்றதே என்று மகிழ்வோரும் உளர்; இருவர் கண்ணும் இவ்விஷயத்திற் பயன்படாது. டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. அதனையும் தாங்குவது இவ்வெண்ணெயே.

நம் தஞ்சைத் தரணிக்கு மோட்டார் புதிதன்று. டி. வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியது 1912இல். அக்காலத்து எஞ்சின்களில் இன்று நாம் கருதும் வடிகட்டி இல்லை. கம்பிவலைச் சல்லடை ஒன்றே பெரும்பாலும் இருந்தது. ஆதலின் சில நூறு மைலுக்கொருமுறை எண்ணெயைக் கொட்டிப் புதிது வார்த்தனர். அமெரிக்க நாட்டில் எர்னஸ்டு ஸ்வீட்லாண்டு என்பார் ஜார்ஜ் கிரீன்ஹால்கு என்பாருடன் கூடி 1923இல் எண்ணெய் வடிகட்டி ஒன்றை இயற்றி, ‘பியூரொலேட்டர்’ எனப் பெயரிட்டார். முதலில் வந்த வடிகட்டிகள் பல, பம்பு தள்ளும் எண்ணெயிற் சிறு பங்கை மட்டும் பிரித்துத் தூய்மைசெய்து எண்ணெய்த் தொட்டிக்குத் திருப்பின. எஞ்சிய பெரும்பங்கு வடியாமலே பேரிங்குக்குச் சென்றது. எண்ணெய் முழுதும் வடிகட்டியினூடே சென்றபின்னரே பேரிங்கை அடைதல்வேண்டும் என்னும் முறை பின்னர் நிலைபெற்றது. தகரக் குப்பியோடு திருகிப் பூட்டி, பயன்முடிந்தபின் குப்பியோடு கழற்றி எறியும் இக்கால வகை 1950களில் தோன்றியது.

முழு எண்ணெயும் இவ்வழியே செல்லவேண்டும் என்றமையால் ஒரு சிக்கல் எழுந்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு எண்ணெயே இல்லாமற் போகுமன்றோ? இதற்கு வகுத்த உபாயத்தை எமக்கு விளக்கியவர் தஞ்சைக் கீழவாசலில் நாற்பதாண்டாகப் பட்டறை நடத்தும் ஒரு முதியவர். அவர் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். ஆயின் யாம் வகுப்பிற் பாய்மங்களின் இயல்பை விளக்குங்கால் அவர் சொன்ன உவமையையே இப்பொழுது எடுத்தாளுகின்றோம். அறுத்துப் பிளந்த பழைய வடிகட்டி ஒன்றை எம் கையிற் கொடுத்து, அடியிலுள்ள சிறு ஸ்பிரிங்கைக் காட்டி, “ஐயா, இது ஏரிக்குக் கலிங்கு மாதிரி. தண்ணீர் அளவுக்குமேல் ஏறினால் கரை உடையாமல் கலிங்கு வழியாக வெளியே போய்விடும். இங்கே தாளில் எண்ணெய் போக முடியாவிட்டால் இந்த வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விட்டுவிடும். அழுக்கு எண்ணெயாவது போகட்டும், வறண்டு போகவேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள்,” என்றார்.

இதுவே பைபாஸ் வால்வு எனப்படுவது. தாளின் இருபுறத்து அழுத்த வேறுபாடு ஒரு குறித்த அளவைக் கடந்தவுடன் அது திறக்கும். அவ்வளவு வண்டிக்கு வண்டி வேறுபட்டு, ஏறத்தாழ 1 பார் முதல் 2.5 பார் வரை இருக்கும். சில எஞ்சின்களில் இவ்வால்வு எஞ்சினின் உடலிலேயே அமைந்திருத்தலால் வடிகட்டியில் இராது. மற்றொன்று, வாயருகே உள்ள ரப்பர்த் தட்டு. எஞ்சின் நின்றபின் எண்ணெய் திரும்பி வடிந்துவிடாமல் மதகுப் பலகைபோல் தடுப்பது அது. அது கெட்டால், காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் எண்ணெய் வருமளவும் டர்போவும் பேரிங்கும் வறண்டு சுழலும். மலிவான குப்பிகளில் இத்தட்டு கரிய சாதாரண ரப்பரால் ஆயது. சூட்டில் விறைத்துப் போகும். சிலிக்கோனால் ஆயது சூட்டைப் பொறுக்கும்; பெரும்பாலும் செம்மை நிறமாயிருக்கும். வாயின் துளைகளூடே விளக்கடித்துப் பார்ப்பின் இது தெரியும். கடையில் நின்றபடியே எவரும் செய்யத்தக்க சோதனை இஃதொன்றே.

மருமான் மூன்று வடிகட்டிகளை வாங்கிவந்து எம் மேசைமேல் வைத்தான். ஒன்று, வண்டியை இயற்றிய கம்பெனியாரே விற்பது. மடித்த காகிதத்தால் ஆயது. இரண்டாவது, வேறொரு வடிகட்டி உற்பத்தியாளர் அவ்வெஞ்சினுக்கென்றே செய்தது. காகிதத்துக்குப் பதிலாகக் கண்ணாடி நூலிழை கலந்த செயற்கைத் தாள் கொண்டது. மூன்றாவது, பந்தயத்துக்குரியது எனப் பளபளக்கும் பெட்டியில் வந்தது. துருவேறா எஃகின் மெல்லிய வலையால் ஆயது. கழுவிக் கழுவி ஆயுள் முழுதும் பயன்படுத்தலாம் என்றது பெட்டி. விலை மற்றவற்றின் பன்மடங்கு.

“மாமா, பந்தயக் காரர்கள் எல்லாரும் இந்த வகையைத்தான் போடுகிறார்கள். எண்ணெய் தடையில்லாமல் பாயும். இதைவிட நல்லது எது?” என்று அவன் கேட்டான்.

அவன் கூறியதிற் பொய்யில்லை. நம் நாட்டில் மோட்டார்ப் பந்தயம் வேரூன்றிய இடம், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1953இல் நிறுவப்பெற்ற சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் ஆங்குப் பந்தயங்களை நடத்திப் பின் இருங்காட்டுக்கோட்டையில் தமக்கெனச் சுற்றுப்பாதை அமைத்தனர். அது 1990இல் திறக்கப்பட்டது. பந்தய எஞ்சினின் வாழ்வு வேறு; சாலை எஞ்சினின் வாழ்வு வேறு. பந்தய எஞ்சினிற் சுற்று மிகுதி, பம்பு தள்ளும் எண்ணெய் மிகுதி, அழுத்தம் மிகுதி. தாள் கிழிந்தால் கிழிசல் பேரிங்கை அடைக்கும். ஆதலின் கிழியாததும் தடைசெய்யாததுமான எஃகு வலை அதற்குப் பொருத்தம். வலையைக் கழற்றி விரித்தவுடன் உலோகத் துண்டு உளதா என்று பந்தயக் களத்திலேயே பார்த்துவிடலாம். நுண்துகள் தங்கிவிடுமே எனின், தங்குதற்கு நேரமேது? ஒரு பந்தயம் முடிந்ததும் எண்ணெயையே மாற்றிவிடுவர். எஞ்சினையும் அடிக்கடி பிரித்துப் பார்ப்பர்.

எம் மருமானோ அதே எண்ணெயில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடக் கருதியிருந்தான். அவ்வலையின் கண் நாற்பது மைக்ரான் என்று பெட்டியிலேயே சிறிய எழுத்தில் இருந்தது. ஐந்து முதல் இருபது வரையுள்ள துகள்களுக்கு நாற்பது மைக்ரான் கண் திறந்த வாயில். அவை பத்தாயிரம் கிலோமீட்டரும் எண்ணெயோடு சுற்றிச் சுற்றி வரும். மல்லன் உண்ணும் உணவை எழுத்தர் உண்டால் வலிமை வாராது, வயிற்றுவலிதான் வரும். இதனைச் சொன்னபொழுது அவன் முகம் வாடிற்று. விலையுயர்ந்தது நன்று என்னும் எண்ணம் இளைஞர்க்கு எளிதில் நீங்குவதன்று; முதியோர்க்கும் நீங்குவதன்று என்பதைப் புடைவைக் கடைகளிற் கண்டிருக்கின்றோம்.

எஞ்சியவை இரண்டு. இரண்டாவதன் பெட்டியில் “99 சதவீதம்” எனக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. எவ்வளவு பெரிய துகளில் தொண்ணூற்றொன்பது? அதனைச் சொல்லாவிடின் அவ்வெண்ணுக்குப் பொருளில்லை. பாறையை மட்டும் நிறுத்தும் வேலியும் நூறு சதவீத வேலியே. இவ்வளவைக்கென ஐ.எஸ்.ஓ. 4548-12 என்னும் சர்வதேச முறை ஒன்று உளது. எண்ணெயிற் குறித்த தூசியைத் தொடர்ந்து கலந்து, வடிகட்டியினூடே மீண்டும் மீண்டும் செலுத்தி, முன்னும் பின்னும் துகள்களை அளவு வாரியாக எண்ணுவர். முன்னே இருபது இருந்து பின்னே ஒன்று வந்தால் அவ்வளவுத் துகளுக்கு விகிதம் 20, அதாவது 95 சதவீதம். நூறுக்கு ஒன்று வந்தால் விகிதம் 100, அதாவது 99 சதவீதம். இரண்டாவதன் உற்பத்தியாளர் தம் விவரத்தாளில் இருபது மைக்ரானுக்கு 99 எனத் தெளிவாக இம்முறைப்படி குறித்திருந்தனர். அவ்வளவில் எமக்கு நம்பிக்கை பிறந்தது.

மருமான் பௌதிக மாணாக்கன் ஆதலின் அவனோடு ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். எஞ்சினில் உள்ள நான்கு லிட்டர் அளவான எண்ணெய், சாலையில் ஓடுங்கால் நிமிடத்துக்குப் பலமுறை வடிகட்டியைக் கடக்கின்றது. ஒரு முறைக்குப் பாதித் துகளையே பிடிக்கும் வடிகட்டியும், புதுத் தூசி வாராதாயின், பத்து முறை கடந்தபின் ஆயிரத்தில் ஒன்றையே விட்டுவைக்கும். ஆகவே ஒரு முறைக்கு 95 பிடிப்பதற்கும் 99 பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெட்டியிற் காண்பதுபோல் அவ்வளவு பெரிதன்று. பெரிதாவது வேறொன்று. 99 பிடிக்கும் வடிகட்டியில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய் தாளைத் தொடாமல் ஓரத்து ஒட்டு வழியாகவோ, சரியாக மூடாத வால்வு வழியாகவோ கசிந்து போவதாகக் கொள்வோம். தாளூடே செல்வது பத்தில் ஒன்பது. அதில் பிடிபடுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. பெருக்கினால் மொத்தத்தில் 89 சதவீதமே. கசிவே இல்லாமல் 90 பிடிக்கும் சாதாரணக் காகித வடிகட்டி இதனினும் மேலானது! கொசுவையும் ஒட்டகத்தையும் பற்றி மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் வருவது நம் நேயர்க்கு நினைவிருக்கும். இங்ஙனம் அது பௌதிகத்துக்கும் பொருந்தும் என்பதை எமக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

ஆதலின் கேள்வி மாறிற்று. எது மிக நுண்ணியது என்பதன்று. எது கலிங்கு திறவாமல், கசியாமல், அடுத்த மாற்றம் வரை அழுக்கைச் சுமக்கும் என்பதே கேள்வி. இதற்கு விடை காண, எவ்வகை அழுக்கு, எத்துணை அழுக்கு என்று காணவேண்டும். அது ஊருக்கு ஊர் வேறு.

பட்டறை முதியவர் வண்டிகளோடு, சம்பா அறுவடைக்கு வெளியூர்களிலிருந்து வரும் அறுவடை எந்திரங்களையும் பழுதுபார்ப்பவர். அவர் பழைய வடிகட்டிகளை எறிவதில்லை. மேல்மூடியை வெட்டி, தாளை விரித்து, நாள் குறித்து, சுவரில் ஆணியடித்து மாட்டிவைப்பார். ஹாக்ஸா பிளேடால் அறுத்தலாகாது, அறுத்த பொடி தாளில் வீழ்ந்து நம்மை ஏமாற்றும் என்று, டப்பா திறப்பதுபோல் வெட்டும் உருளைக் கத்தி ஒன்றைத் தாமே செய்து வைத்திருக்கின்றார். அவரிடமிருந்து மூன்று தாள்களைப் பெற்றுவந்தோம்: அறுவடை எந்திரத்தினது ஒன்று, தஞ்சை நகருக்குள்ளேயே ஓடும் ஒரு வண்டியினது ஒன்று, மருமான் வண்டியினது ஒன்று. மண்ணெண்ணெயில் அலசி, தங்கியதைத் துளியாக எடுத்துக் கல்லூரி நுண்ணோக்கியின்கீழ் வைத்தோம்.

நகர வண்டியின் துளியிற் கரியே மிகுதி. அறுவடை எந்திரத்தின் துளியிலோ கண்ணாடிச் சில்லுபோல் ஒளி ஊடுருவும் துகள்கள் நிறைந்திருந்தன. வியப்பில்லை. நெல்லின் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. காவிரி கொணரும் வண்டலிலும் மணலிலும் உள்ளதும் அதுவே. களத்திற் பறக்கும் சுணையும் பதரும் கண்ணை உறுத்துவதை அறிவோம். அதே பொருள் பேரிங்கையும் உறுத்துகின்றது. எமக்கு வியப்பளித்தது மருமான் வண்டியின் துளி. ஓசூர் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் துளி நகர வண்டியினதை ஒத்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். அறுவடை எந்திரத்தினதை ஒத்திருந்தது.

தை, மாசியில் எம் ஊர்ச் சாலைகளைக் கண்டவர்க்குக் காரணத்திற் பாதி விளங்கும். கொள்முதல் நிலையத்தில் முறை வருமளவும் உழவர் சாலையிற் பாதியைக் களமாக்கி நெல்லை உலர்த்துவர். வண்டிகள் அதன் ஓரமாகவும், சில வேளை அதன்மேலுமே செல்லும். மற்றப் பாதிக் காரணத்தை முதியவர் வண்டியின் முன்மூடியைத் திறந்தவுடனே கண்டுபிடித்தார். எஞ்சினுக்குக் காற்று தாராளமாக வரட்டும் என்று, கம்பெனி வைத்த காற்று வடிகட்டிப் பெட்டியை நீக்கி, எண்ணெய் தோய்த்த பருத்தி வலையாலான கூம்பு ஒன்றை மருமான் பூட்டியிருந்தான். அவ்வகை காகிதத்தைவிட மிகுதியாகத் தூசியை உள்ளே விடும். தூசி காற்றோடு சிலிண்டருக்குட் புகுந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, எண்ணெயில் இறங்குகின்றது. “தம்பி, வாசலைத் திறந்து வைத்துவிட்டு, திருடனைப் பிடிக்கக் கொல்லையிலே காவல் போடுகிறாயே,” என்றார் முதியவர். எண்ணெய் வடிகட்டியைத் தெரியப் போன இடத்தில், முதலில் மாற்றியது காற்று வடிகட்டியை. பழைய பெட்டி அவன் வீட்டுப் பரணில் இருந்தது. நல்லவேளையாக எம் தமக்கையார் எதனையும் எறிபவர் அல்லர்.

தூசி வரவு குறைந்தபின் இரண்டாவது வடிகட்டியின் மேன்மை தெளிவாயிற்று. கண்ணாடி இழை காகித நாரைவிட மெல்லியது. ஆதலின் ஒரே நுண்மையில் அதன் இடைவெளிகள் மிகுதி, தடை குறைவு, அழுக்குச் சுமக்கும் இடமும் மிகுதி. நீரும் சூடும் காகிதத்தைப்போல் அதனை விரைவில் நைவிப்பதில்லை. பந்தயச் சுற்றில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் எண்ணெயின் வெப்பம் சாலையிற் காண்பதினும் மிகவும் ஏறுதலால் இது சிறு விஷயமன்று.

குளிர் நாட்டார் எழுதும் நூல்களிற் பைபாஸ் வால்வைப் பற்றிப் பெரிதும் கவலை காணப்படும். பனிக்காலத்து விடியலில் எண்ணெய் தேன்போல் இறுகித் தாளைக் கடக்கமாட்டாமல், எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் வால்வு திறந்துகொள்ளுமாம். தஞ்சையில் மார்கழி விடியலிலும் அத்துணைக் குளிர் இல்லை. அக்கவலை நமக்கில்லை, நம் கவலை, மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டுத் தாளைத் தூசியால் அடைப்பது. ஆதலின் வடிகட்டியின் பெயரைவிட, மாற்றும் இடைவெளியே பெரிது என்பது எம் கருத்து. பத்தாயிரத்தை ஐயாயிரம் கிலோமீட்டராகக் குறைத்தோம். எஃகு வலைக்குக் கொடுத்த விலையில் இரண்டாம் வகை வடிகட்டிகள் பலவற்றை வாங்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டியபின் மருமான் அந்தப் பெட்டியைக் கடைக்குத் திருப்பியனுப்பினான்.

அளவிற் பெரிய குப்பியைப் போட்டால் தாள் மிகுமே என்று அவன் இடையில் ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்வியே. ஆனால் எம் ஊருக்கு வரும் வழியில் உள்ள வேகத்தடைகளை எண்ணிப்பார்த்தோம். கீழே நீண்டு தொங்கும் எதுவும் அவற்றில் இடிபடாமல் வீடு சேராது. வேறு வண்டியின் நீண்ட குப்பியில் வால்வின் அழுத்தமும் வேறாயிருக்கலாம். அதனை அவ்வளவில் விட்டோம்.

இனி மரை. இரண்டாண்டுக்கு முன் ஒரு மா நிலத்தை விழுங்கியது இதுவே. மருமான் வண்டியின் வடிகட்டி மரை முக்கால் அங்குலம், அங்குலத்துக்குப் பதினாறு சுற்று; முக்கால் அங்குலமாவது 19.05 மில்லிமீட்டர். நம் சாலைகளில் மிகுதியும் ஓடும் வண்டிகள் பலவற்றின் மரையோ 20 மில்லிமீட்டர், சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வேறுபாடே. இருபதின் குப்பியைப் பத்தொன்பதின் தண்டிலே திருகினால் ஏறும், வாஷரும் அழுந்தும், எண்ணெயும் ஒழுகாது. கையிற் சற்றே தளர்வாகத் தோன்றும், அவ்வளவே. மரை நுனியளவே பற்றியிருக்கையில், அழுத்தமும் அதிர்வும் சில நாள்களில் அதனைக் கழற்றிவிடும். குப்பியின் வெளித்தோற்றத்தையும் வாயகலத்தையும் கண்டு ஒன்றுபோல் இருக்கின்றதே என்று பூட்டுவோர் பெருந்தீங்கு செய்கின்றனர். எண்ணைப் பார்த்துப் பூட்டுவதே முறை. முதியவர் எண்ணையும் நம்பாமல், அந்த அளவில் ஒரு பழைய தண்டைக் கையில் வைத்திருந்து, ஒவ்வொரு புதுக் குப்பியையும் அதில் ஏற்றி அசைத்துப் பார்த்த பின்னரே வண்டிக்கருகே கொண்டுசென்றார்.

போலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் பெற்ற குப்பிகளின் பெட்டியை அப்படியே அச்சிட்டு, உள்ளே மடிப்பு குறைந்த தாளை வைத்து விற்பாரும் உளர். பில் கொடுக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதைத் தவிர வேறு பாதுகாப்பு எளியோர்க்கு இல்லை. முதியவர் புதிதாக வரும் சரக்கில் ஒன்றை விலைகொடுத்து வாங்கி, பூட்டாமலே வெட்டிப் பார்க்கின்றார். மடிப்புகளை எண்ணுகின்றார், ஓரத்து ஒட்டை நகத்தாற் கீறுகின்றார். அதனை நட்டம் என்று அவர் கருதுவதில்லை.

பொங்கலுக்கு மறுநாள் கீழவாசற் பட்டறையில் புது வடிகட்டியைப் பூட்டினோம். பழைய வாஷர் எஞ்சினின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு வாஷர் ஒன்றன்மேலொன்று அமைந்தால் அழுத்தத்தில் பிதுங்கி எண்ணெய் முழுதும் போய்விடும். புது வாஷரில் எண்ணெய் பூசிக் கையாலே திருகி, முகத்தைத் தொட்டபின் முக்கால் சுற்று. அவ்வளவே, முறுக்குக் கோல் எடுக்கவில்லை. எஞ்சினைக் கிளப்பியதும் விளக்கு அணைந்தது. கீழே தாள் விரித்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். ஒரு சொட்டும் இல்லை. கழற்றிய குப்பியை ஓர் இரவு கவிழ்த்துவைத்து எண்ணெயை வடித்து, பழைய எண்ணெயோடு சேர்த்து, அனுமதி பெற்றுச் சேகரிப்பவர்க்கெனத் தனிப் பீப்பாயில் ஊற்றினார். பட்டறையின் பின்புறம் ஓடுவது ஒரு பாசன வாய்க்கால். அதன் கடைமடையில் நாற்றங்கால் இருக்கின்றது என்பதை அவர் மறப்பதில்லை.

மாசியில் மருமான் இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்றுவந்தான். ஐயாயிரம் ஆகவில்லையெனினும், பந்தயச் சுற்றில் ஓட்டியபின் வடிகட்டியைக் கழற்றி வெட்டுவது என்று முன்னரே பேசியிருந்தோம். வெட்டினோம். தாள் சுருங்கவில்லை, மடிப்புகள் சீராக நின்றன. காந்தத்தைத் தடவியதில் மயிரிழைபோன்ற இரும்புத்தூள் சிறிது ஒட்டிற்று. மாற்று எஞ்சின் பழகும் காலத்தில் அது இயல்பே என்றார் முதியவர். காந்தத்தில் ஒட்டாததும் செம்பு நிறமுடையதுமான துகளே பேரிங்கின் அழிவைக் காட்டுவது, அதனைத் தேடிப் பகலொளியிலும் விளக்கொளியிலும் பார்த்தோம், இல்லை. நுண்ணோக்கியில் கண்ணாடிச் சில்லுகள் சில இருந்தன, முன்போல் மண்டியிருக்கவில்லை.

அத்தாளை வெள்ளைத் துணியில் விரித்து எம் தமக்கையாரிடம் காட்டினோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கறுப்பாகத்தானே இருக்கிறது?” என்றார். யாம் விளக்கத் தொடங்கினோம். அதற்குள் மருமான், “அம்மா, கறுப்பு பரவாயில்லை, செம்புதான் கூடாது,” என்றான். அவர் தாளைத் துணியோடு மடித்து அவன் கையிற் கொடுத்து, அடுத்த ஐயாயிரம் எப்பொழுது முடியும் என்று கேட்டார்.